பால்வெட்டுக் கத்தியும் சிறுமூளையும்

1877இல் பேராக்கின் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே மரமாக நிற்கிறது. பிறகு பேராக் முழுக்கப் பரவிய தோட்டங்களில் நம் பாட்டிமார் விடியுமுன் பெரட்டு எனும் காலை ஆள்கணக்குக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினார்கள்.

பால்மரம் வெட்டுவதைப் படிக்காதவர் வேலை என்றே வெளியாட்கள் எண்ணினார்கள். ஆனால் அதில் நுட்பம் உண்டு. பால் நாளங்கள் நெருக்கமாக இருப்பது பட்டையின் உட்பக்கத்தில். கத்தி மேலோடு போனால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலோ மரத்தை வளர்க்கும் படலத்தில் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் வெட்ட முடியாது. பட்டையின் தடிமனும் மரத்துக்கு மரம் வேறு. இந்த அளவை வாயால் சொல்லித்தர முடியாது. காயம்பட்ட மரத்தைப் பார்த்துக் கங்காணி போட்ட சத்தமும், பிள்ளையின் கையைப் பிடித்து அம்மா கொடுத்த அழுத்தமும்தான் பாடம். நாளடைவில் கத்தி நிற்க வேண்டிய இடத்தில் தானாக நின்றது.

கை இப்படிக் கற்பதைச் சிறுமூளையை வைத்து 1969இல் விளக்க முயன்றவர் டேவிட் மார். 1971இல் ஜேம்ஸ் ஆல்பஸ் அதைத் திருத்தினார்: தவறு நேர்ந்ததும் ஒரு நரம்பிழை எச்சரிக்கிறது, தவறுக்கு வழிவிட்ட இணைப்புகள் தளர்கின்றன. அத்தகைய தளர்வை 1982இல் ஜப்பானில் மசாவோ இட்டோ ஆய்வகத்திலேயே காட்டினார். அதற்கு முன்பே, 1975இல், ஆல்பஸ் இந்த யோசனையை இயந்திரக் கையை இயக்கும் முறையாக மாற்றிவிட்டார். மூளையிலிருந்து செயற்கை நுண்ணறிவு பெற்றதைப் பேசுவோர் பூனையின் பார்வை நரம்புகளைப் பற்றிய ஆய்வைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு இந்தச் சிறுமூளைக் கதையே நெருக்கம். மூளையின் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான். நம்மவர் கைத்திறனுக்கும் அங்கேதான் வேர்.

இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. அதே பேராக்கில், ஸ்ரீ இஸ்கண்டாரில் 1997இல் தொடங்கிய பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மூளையின் மின்னலைகளைக் கணினி கொண்டு ஆராய்கிறார்கள். உலகின் மறுபக்கத்தில் ‘கோ’ ஆடும் கணினி நிரலான ஆல்பாகோ ஜீரோ மூன்று நாளில் 49 லட்சம் ஆட்டம் தன்னோடு தானே ஆடிக் கற்றது. ரப்பர் மரத்தில் அப்படிக் கற்க வழியில்லை. ஒவ்வொரு தவறும் பட்டையில் ஆண்டுக்கணக்கில் தங்கும். சீனாவில் சோதிக்கப்படும் பால்வெட்டும் இயந்திரங்களுக்கும் இந்த மாறும் பட்டைதான் சிக்கல். கொஞ்சம் தவறிலேயே நிறையக் கற்றவர்கள் நம் பாட்டிமார். சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்பவர்களின் கையசைவை உணர்கருவி வைத்துப் பதிவுசெய்ய பேராக் மாணவர்கள் முன்வர வேண்டும், அதுவும் இந்தச் சில ஆண்டுகளுக்குள்.