உறங்கும் பிரதியும் விழித்திருக்கும் யந்திரமும்

வங்கிக் கணக்குகளையும் தொலைபேசி நிலையங்களையும் இரவுபகலாகத் தாங்கி நின்ற யூனிக்ஸ் யந்திரங்களைப் பராமரித்தவர்களுக்கு நெடுங்காலம் ஒரு சங்கடம் இருந்துவந்தது. இயங்குதளத்தில் குறை கண்டால் பேட்ச் போட வேண்டும். பேட்ச் போட யந்திரத்தை மணிக்கணக்கில் நிறுத்த வேண்டும். ஓடுகிற தேருக்கு அச்சு மாற்ற யாரால் முடியும்? இதற்குப் பரிகாரமாகவே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் தங்கள் சோலாரிஸ் இயங்குதளத்தில் ‘லைவ் அப்கிரேட்’ என்னும் முறையை வகுத்தார்கள். ‘லூகிரியேட்’ என்ற கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின் பிரதியொன்றை வட்டின் வேறொரு பகுதியில் எழுதிவைக்கும். மூலம் தன் பணியைச் செய்துகொண்டிருக்க, உறங்கும் பிரதியின்மீது பேட்சுகளைப் போட்டு, சௌகரியமான வேளையில் யந்திரத்தை அதிலிருந்து எழுப்பிக்கொள்ளலாம்.

அபாயம் இருக்குமிடம் வேறு. பேட்ச் என்பது கோப்புகளின் மூட்டை மாத்திரமன்று; கோப்புகளை வைப்பதற்கு முன்னும் பின்னும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகளும் அதனுள் உண்டு. அந்த ஸ்கிரிப்டுகள் பிரதியின் நன்மைக்காக எழுதப்பட்டவையே எனினும், அவற்றை ஓட்டுவது விழித்திருக்கும் அமைப்பின் கெர்னல். ஆகையால் எந்தக் கட்டளையைக் கண்டாலும், அது யாரைக் கேட்டு விடை சொல்கிறது என்று விசாரிப்பதே முதற்கடமை என்பேன்.

‘சிபி’, ‘எல்எஸ்’, ‘எக்ஸ்பிஆர்’ போன்றவை நாம் காட்டிய பாதையையும் கொடுத்த எண்ணையும் தவிர வேறொன்றையும் அறியாதவை. பாதை சரியாயிருந்தால் அவற்றால் பாதகமில்லை. ‘பிஎஸ்’, ‘டிரஸ்’ ஆகியவையோ ஓடும் அமைப்பின் செய்தியையே சொல்லும். சோலாரிஸ் 8 ஓடும் யந்திரத்தில், சோலாரிஸ் 9 பிரதிக்குப் பேட்ச் போடும் ஸ்கிரிப்ட் ஒன்று ‘யூநேம்’ கட்டளையிடம் பதிப்பு எண்ணைக் கேட்டால், 5.9 என்று வர வேண்டிய இடத்தில் 5.8 என்றே விடை வரும். அஞ்சல் சேவையை நிறுத்தி, கோப்பை மாற்றி, மறுபடி தொடங்கும் ஸ்கிரிப்டை எண்ணிப் பாருங்கள்: மாறுவது பிரதியின் கோப்பு, நிற்பதோ, அந்த நிமிஷத்தில் ஜனங்களின் கடிதங்களைச் சுமந்துகொண்டிருக்கும் உண்மையான சேவை. 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலிருந்தே வழங்கிவரும் ‘சிஎச்ரூட்’ இங்கே காப்பாற்றும் என்று நம்புவதும் பிழை. அது கோப்புகளின் தோற்றத்தை மாற்றுமேயன்றி, கெர்னலை மாற்றாது.

சாதுவான ‘சிபி’யும் ஓரிடத்தில் வழுக்கும். பிரதியினுள் இருக்கும் குறியிணைப்பு ஒன்று, வேர் அடைவிலிருந்து தொடங்கும் முழுப் பாதையைச் சுட்டுமானால், அதைப் பின்பற்றி எழுதப்படும் எழுத்து பிரதியில் விழாமல், விழித்திருக்கும் அமைப்பின் கோப்பிலே போய் விழும். பாதையின் தலையில் பிரதியின் வேரைக் குறிக்கும் மாறியைத் தவறாமல் சேர்க்கும் ஸ்கிரிப்ட் ஆசிரியரும் இந்த இணைப்பைத் தனியே சோதிக்க வேண்டியவராகிறார். சாதன இயக்கிகளைச் சேர்க்கும் ‘ஆட்_டிஆர்வி’ கட்டளைக்கு, பிரதியின் வேரைச் சொல்லும் ‘பி’ விருப்பத்தைக் கொடுத்தாக வேண்டும். 2005இல் வந்த சோலாரிஸ் 10இன் சேவைக் கட்டளைகளை நேரே ஏவாமல், பிரதி எழும்போது படிக்கப்படும் கோப்பில் எழுதிவைத்துவிடுவதே உசிதம்.

எல்லாம் முடிந்து, அடுத்து எழ வேண்டியது பிரதியே என்று குறிக்கும் ‘லூஆக்டிவேட்’ கட்டளையைக் கொடுத்தபின், பழக்க வேகத்தில் ‘ரீபூட்’ அல்லது ‘ஹால்ட்’ என்று தட்டிவிடாதீர்கள். மாற்றத்தின் இறுதிக் காரியங்கள் யந்திரம் முறைப்படி அடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளில் இருக்கின்றன. அவ்விரண்டும் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடும். ‘இனிட் 6’ என்றே கொடுங்கள். புதியது எழ மறுத்தால், பழைய அமைப்பு வட்டில் வைத்த இடத்திலேயே இருக்கிறது.