முதல் டிராஃப்டுக்கு மார்க் இல்லை

நியூஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்து வகுப்பு எடுக்கிறேன். நர்சிங்கோ கம்ப்யூட்டரோ, எதைப் படிக்க வந்தாலும் பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். 1885இல் ஹார்வர்டு தொடங்கி வைத்த வழக்கம்.

முதல் நாளே கையில் சிலபஸ் கொடுத்துவிடுவோம். எத்தனை கட்டுரை, எதற்கு எவ்வளவு மதிப்பெண், எத்தனை வகுப்பு தவறினால் கிரேடு இறங்கும், எல்லாம் அதில் இருக்கும். டைம்ஸ் நியூ ரோமன், 12 பாயின்ட், இரட்டை வரி இடைவெளி. நம் ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் இதற்கெல்லாம் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். திணறுவது டிராஃப்ட் விதியில்தான். மூன்று மணி நேரத்தில் தேர்வு எழுதி, தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தே வளர்ந்தவர்கள் அவர்கள். இங்கே ஒரே கட்டுரையை மூன்று முறை எழுத வேண்டும். முதல் டிராஃப்டுக்கு மார்க் கிடையாது. ஆனால் அது இல்லாமல் கடைசிப் பிரதியை வாங்க மாட்டேன்.

ஈக்வடாரிலிருந்து வந்த ஒரு மாணவர், இரவில் கிடங்கில் வேலை பார்ப்பவர், உழைப்பைப் பற்றி எழுதினார். முதல் இரண்டு பக்கமும் உழைப்பே உயர்வு தரும் என்கிற பொதுப்பேச்சு. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: கையிலிருக்கும் ஸ்கேனர் சில நிமிடம் சத்தம் போடாவிட்டால் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நிற்பாராம். "இங்கிருந்து தொடங்குங்கள்" என்று ஓரத்தில் எழுதினேன். "ரெண்டு பக்கம் வீணாப் போச்சே, புரொபசர்" என்றார். வீணில்லை. அந்த இரண்டு பக்கத்தை எழுதியிராவிட்டால் மூன்றாவது வந்திருக்காது. இந்த வகுப்பு நடப்பதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

எழுத்துத் திருட்டு விதி கடுமையானது. நோட்ஸில் உள்ளதை அப்படியே எழுதி முழு மார்க் வாங்கிய பிள்ளைக்கு, மேற்கோள்குறியும் பக்க எண்ணும் விட்டுப்போனதற்காகப் பூஜ்யம் விழுந்தால் தலைகால் புரியாது. சொல்லிக் கொடுக்காமல் தண்டிப்பது அநியாயம். அதற்கென்றே ஒரு வகுப்பு முழுக்கச் செலவிடுகிறேன்.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தபின் சிலபஸில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்தது. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நான் நம்புவதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதியதையே அது இயந்திர எழுத்தென்று அதிகம் முத்திரை குத்துகிறது என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். அதற்குப் பதிலாக, கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்கிறேன். அடித்ததும் திருத்தியதும் அதில் பதிவாகியிருக்கும்.

தாமதமானால் நாளுக்கு அரை கிரேடு போகும். கெடுவுக்கு முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் அவகாசம் தருகிறேன். ஆபீஸ் அவர்ஸ் என்று சிலபஸில் போட்டிருக்கும் நேரத்தில் ஆசிரியர் மாணவர்களுக்காகவே அறையில் உட்கார்ந்திருப்பார். தப்புச் செய்தவர்கள்தான் போக வேண்டும் என்று நம் பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காமல், இடறுகிற ஒரு பத்தியை அச்செடுத்துக்கொண்டு, இரண்டாவது வாரத்திலேயே போய்க் கதவைத் தட்டச் சொல்லுங்கள்.