காயில் சுற்றை எண்ணும் பெட்டி

ரீவைண்டிங் கடையில் காயில் சுற்றுகிறவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றுவார். அந்த நேரம் பார்த்து யாராவது "அண்ணே, டீ சொல்லட்டுமா?" என்றால் போச்சு! சுற்று குறைந்தால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். கருகினால் செம்புக் கம்பியும் கூலியும் அவர் தலையில்தான்.

எங்க தெருக் கடைக்கு நான் செய்துகொடுத்த கவுண்டர் எளியது. சுற்றும் தண்டில் ஒரு சின்னக் காந்தம், எதிரே ரீடு சுவிட்ச். ஆனா நண்பர்களே, அதை நேரே ஐ.சி.க்குக் கொடுத்தால் ஒரு சுற்றை நாலஞ்சாக எண்ணும். சுவிட்சின் உலோக நாக்குகள் முட்டித் துள்ளுவதே காரணம். துள்ளல் சுமார் 1 மில்லி செகண்டில் அடங்கிவிடும். அதுவரை பொறுக்க, 10 கிலோ ஓம் வழியாக மெதுவாக ஏறும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைப் போட்டு, 40106 ஷ்மிட் டிரிகர் வழியா அனுப்பினேன். சுவிட்சோடு 100 ஓம் ஒன்றும் தொடரில் வேணும். இல்லாட்டி நாக்கு ஒட்டிக்கொள்ளலாம்.

பிறகு மூன்று 4026. எண்ணுவதும் டிஸ்பிளேயை எரிய வைப்பதும் அதேதான். ஒன்றின் கேரி அடுத்ததன் கிளாக்குக்கு. 999 வரை போகும்.

இது பின்னால் சுற்றினாலும் கூட்டித்தான் எண்ணும்! மூன்று சுற்று பிரிக்கணுமா? ரீடு சுவிட்ச் வயரில் உள்ள டாகிளை ஆஃப் பண்ணிப் பிரித்து, அதே மூன்றைத் திரும்பச் சுற்றியபின் ஆன் செய்யணும்.