அட்டையில் அச்சாகாத வசனம்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் நம் ஊர்த் தேவாலயங்கள் பலவற்றில் ஒரு தட்டு வரும். வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஜெபித்துவிட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். மகளுக்கு வரன் தேடுகிறவர், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர், வேலை போனவர் என்று அட்டையைத் திருப்புகிற எல்லோருக்கும் அந்த நொடியில் ஒரே கேள்விதான்: ‘ஆண்டவர் எனக்கு என்ன சொல்கிறார்?’ வீட்டுக்கு வந்ததும் அட்டை வேதப்புத்தகத்துக்குள் போகும். பல வீடுகளில் அடுத்த டிசம்பர் வரை அங்கேயே இருக்கும்.

ஜெர்மனியிலும் இதற்கு ஓர் அண்ணன்முறை வழக்கம் உண்டு. ஹெர்ன்ஹட் என்ற ஊரின் மொராவியச் சபைக்கு, 1728-ல் சின்சென்டார்ஃப் பிரபு நாளுக்கொரு வசனம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதற்கு இசைவான புதிய ஏற்பாட்டு வசனத்தை யோசித்துச் சேர்ப்பார்கள். 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறிய மொராவியர்கள் இந்தச் சபையைச் சேர்ந்தவர்கள்தான்.

அந்தச் சிறு புத்தகத்தை விடாமல் வாசித்தவர் டீட்ரிக் பான்ஹோஃபர். 1939 ஜூனில் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு நியூயார்க்கில் வந்து இறங்கியபோது அந்த லுத்தரன் போதகருக்கு வயது 33. ஊரில் இருந்தால் ராணுவத்தில் சேர வேண்டும். மறுத்தால் அவரோடு அவருடைய சபைக்கும் ஆபத்து. நண்பர்கள் அமெரிக்காவில் வேலை ஏற்பாடு செய்திருந்தார்கள். உயிருக்குப் பயமில்லை. மனம்தான் ஒட்டவில்லை. ஜூன் 20-ல் அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்பது தனக்கே தெளிவாக இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார்.

ஆறு நாள் கழித்து, தற்செயலாக, தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரம் அவர் கண்ணில் பட்டது. சிறையில் இருக்கும் பவுல், விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்துவரச் சொல்கிறார். குளிர்காலம் வருமுன் எப்படியாவது வந்துவிடும்படி கேட்கிறார். யாரோ யாருக்கோ எழுதிய கடிதத்தின் வீட்டு விஷயம் அது. அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகாது என்று பான்ஹோஃபர் குறித்து வைத்தார். ஜூலை தொடக்கத்தில் ஜெர்மனிக்குத் திரும்பக் கப்பல் ஏறினார். செப்டம்பரில் போர் மூண்டது.

குளிர்காலத்துக்கு முன் வரச் சொல்லும் அந்த வரியை யாரும் வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்க மாட்டார்கள். கடிதத்தின் கடைசி வரைக்கும் வாசிக்கிற பழக்கம் உள்ளவருக்குத்தான் அது அகப்படும். முடிவையும் அந்த வரி எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்த முடிவில் தடுமாறி நின்றவருக்குத் துணையாக வந்தது.

ஊர் திரும்பிய பான்ஹோஃபர் 1943 ஏப்ரலில் கைதாகி, பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். பல ஆண்டுகளாகச் செய்ததைப் போலவே தினமும் சங்கீதம் வாசிப்பதாகப் பெற்றோருக்கு எழுதினார். 150 சங்கீதங்களில் பல, முறையீடுகள்: இன்னும் எத்தனை நாள், ஏன் கைவிட்டீர் என்று தேவனிடமே கேட்பவை. நம் வாயில் வராத அழுகையை நமக்கு முன்பே ஒருவர் அழுது வைத்திருக்கிறார் என்பது பெரிய ஆறுதல். துக்க வீட்டில் 90-ம் சங்கீதத்தையும் நோயாளியின் தலைமாட்டில் 23-ம் சங்கீதத்தையும் பக்கம் தேடாமல் திருப்பும் நம் பாட்டிமாருக்கு இது தெரியும்.

1945 ஏப்ரல் 8, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. ஷான்பெர்க் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் அவரையும் மற்றக் கைதிகளையும் அடைத்திருந்தார்கள். ஆராதனை நடத்தும்படி சிலர் கேட்டபோது பான்ஹோஃபர் தயங்கினார். பெரும்பாலோர் கத்தோலிக்கர்; ஒருவர் சோவியத் கம்யூனிஸ்ட். அந்தக் கம்யூனிஸ்டே நடத்தும்படி வேண்டிக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார். அன்றைய நாளுக்குரிய வசனங்களையே எடுத்துப் பேசினார். பாடுபடும் தாசனைப் பற்றிய ஏசாயா 53-ன் வசனம் ஒன்று. உயிர்த்தெழுதலால் பிறக்கும் நம்பிக்கையைச் சொல்லும் பேதுருவின் வசனம் மற்றொன்று. ஆராதனை முடிந்த கையோடு அவரை அழைத்துப் போனார்கள். மறுநாள் காலை ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள்.

இந்த வருடத்து அட்டை உங்கள் வேதப்புத்தகத்துக்குள் இன்னும் இருக்கும். அந்த வசனம் எந்த அதிகாரத்தில் வருகிறது என்று பார்த்து, இன்று இரவு அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி தள்ளி, யாராவது மேலங்கி கேட்டுக்கொண்டிருக்கலாம்.