‘கம்பியூட்டரில் பெயர் இல்லை’ என்றால் என்ன அர்த்தம்?

"ஒங்க பேரு கம்பியூட்டர்ல இல்லையே அம்மா, அடுத்த மாசம் வந்து பாருங்க."

இந்த வார்த்தையைக் கேட்காத குடும்பம் இன்று தோட்டங்களில் குறைவு. சேமலாப நிதிக்குப் போனாலும், கொடுப்பனவுக்கு விண்ணப்பம் போட்டாலும், பிள்ளையின் பரீட்சைப் படிவம் நிரப்பினாலும், எங்கோ ஓர் இடத்தில் கம்பியூட்டர் குறுக்கே நிற்கிறது. அரை நாள் சம்பளத்தை விட்டு, பஸ் காசு கொடுத்துப் போனவர் வெறுங்கையோடு திரும்புகிறார். "எனக்குப் படிப்பு இல்லை, அதனால்தான் எனக்கு இது வரமாட்டேங்குது" என்று தன்னையே குறை சொல்லிக் கொள்கிறார்.

இது சரியல்ல என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். மென்பொருள் சிரமம் தருவதற்குப் பெரும்பாலும் காரணம் அதைப் பாவிப்பவர் அல்ல. அதைச் செய்தவர்கள் செய்த விதமே. கம்பியூட்டர் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. யாரோ ஒருவர் எழுதி வைத்த கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றுகிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டளைத் தொகுப்பைத்தான் மென்பொருள் என்கிறோம். எழுதியவருக்கு நமது வாழ்க்கை தெரியாவிட்டால், அவர் எழுதியதற்கும் தெரியாது.

அரைப் பேர் தெரியாத கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் செக்ரோலைக் கம்பியூட்டரில் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். மென்பொருள் எழுதுபவர் நகரத்தில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்தது ‘வந்தார்’, ‘வரவில்லை’ என்ற இரண்டு மட்டுமே. நமக்கோ முழுப் பேர் உண்டு, அரைப் பேர் உண்டு, மேலதிகக் கொழுந்துக்குத் தனிக் கணக்கு உண்டு. அரைப் பேருக்கு அவர் இடம் வைக்கவில்லை. கணக்கப்பிள்ளை வேறு வழியில்லாமல் ‘குறிப்பு’ என்ற பெட்டிக்குள் அதை எழுதி வைக்கிறார். மாதக் கடைசியில் கம்பியூட்டர் குறிப்பைக் கூட்டுவதில்லை. சம்பளச் சீட்டில் ஒரு நாள் கூடுகிறது அல்லது குறைகிறது.

இங்கே யாரும் களவு செய்யவில்லை. பிரட்டுக் களத்தை ஒரு நாளாவது பார்த்திருந்தால் அந்த மனிதர் அரைப் பேருக்கு இடம் வைத்திருப்பார். மென்பொருளுக்குப் பணம் கொடுத்து வாங்குபவர் ஒருவர், அதை எழுதுபவர் இன்னொருவர், தட்டுபவர் மூன்றாமவர், பலனை அனுபவிப்பவர் நான்காமவர். நான்காமவரின் குரல் முதலாமவரின் காதுக்கு எட்டுவதேயில்லை. மென்பொருள் கெடுவதற்கு முதற் காரணம் இதுதான்.

திருக்கோவிலுக்கு எத்தனை எழுத்து?

இரண்டாவது காரணம் எழுத்து. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் உள்ள திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்தால் பெயர் பெற்ற ஊர். தமிழில் அந்தப் பெயரை எழுத ஆறு எழுத்துப் போதும். ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் முதலில் ‘டி’ மட்டும் போடுகிறார்கள், சிலர் ‘டிஎச்’ போடுகிறார்கள். நடுவில் ஒரு ‘கே’ வைப்பவரும் உண்டு, இரண்டு வைப்பவரும் உண்டு. மனிதருக்கு இவை எல்லாம் ஒரே ஊர்தான். கம்பியூட்டருக்கோ ஒவ்வொன்றும் வேறு ஊர். ஓர் எழுத்து மாறினாலும் "அப்படி ஓர் ஊர் இல்லை" என்று சொல்லிவிடும்.

அதே கரையில் கொஞ்சம் வடக்கே கல்முனைக்குப் போனால், முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுவார்கள். தோட்டத்தில் லெட்சுமி என்பவர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, செக்ரோலில் வேறு மாதிரி இருப்பார். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையை விட்டு வடக்கு கிழக்குக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களுக்கு இது இன்னும் சிக்கல். பிறப்புப் பதிவு மலையில், அட்டை வேறு மாவட்டத்தில், எழுதியவர்களோ வேறு வேறு ஆட்கள்.

தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவது நமது வழக்கம். ஆனால் பல மென்பொருள்கள் ‘முதற் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு பெட்டி வைக்கின்றன. இது மேல்நாட்டு வழக்கம். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஓர் அலுவலகத்தில் தகப்பன் பெயரை அந்தப் பெட்டியில் போடுகிறார்கள், இன்னோர் அலுவலகத்தில் சொந்தப் பெயரைப் போடுகிறார்கள். ஒரே ஆள் இரண்டு ஆளாகி விடுகிறார். பிறகு "இருவரும் ஒருவரே" என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் எப்படிக் கம்பியூட்டருக்குள் போனது?

தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன இரா. முத்தையா. 247 எழுத்தையும் சில டசின் கட்டைகளுக்குள் அடக்குவது சின்ன வேலையல்ல. கம்பியூட்டர் வந்தபோது அந்தச் சிரமம் திரும்பவும் வந்தது. 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ‘ஆஸ்கி’ என்ற எழுத்துப் பட்டியலில் மொத்தம் 128 இடங்கள் மட்டுமே. அவை ஆங்கிலத்துக்கு ஒதுக்கப்பட்டவை.

நம்மவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஆங்கில எழுத்தின் உருவத்தை மட்டும் மாற்றி, அந்த இடத்தில் தமிழ் உருவத்தை வைத்தார்கள். இலங்கையில் பரவலாகப் பாவிக்கப்பட்ட ‘பாமினி’ எழுத்து அப்படிப்பட்டது. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் நம் கண்ணுக்கு அம்மா தெரியும். கம்பியூட்டருக்கோ அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி இல்லாத இன்னொரு கம்பியூட்டருக்கு அனுப்பினால் அங்கே அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். தமிழில் பெயர் தேடவோ, அகர வரிசைப்படுத்தவோ முடியாது.

இதைத் தீர்க்க வந்ததுதான் ‘யூனிகோட்’. உலகின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் முறை இது. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இன்று கைத்தொலைபேசியில் நாம் தமிழில் செய்தி அனுப்புவது இதனால்தான். ஆனாலும் பழைய பாமினிக் கோப்புகள் பல இடங்களில் இன்னும் கிடக்கின்றன. பழையதையும் புதியதையும் ஒன்றாகச் சேர்க்கும்போது பெயர்கள் சிதைகின்றன.

இதிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். யூனிகோட் கணக்கில் ‘தி’ என்பது ஒன்றல்ல. ‘த’ ஒன்று, அதன் மேல் விசிறி ஒன்று, ஆக இரண்டு. நமக்கு ஆறு எழுத்தான திருக்கோவில் கம்பியூட்டருக்குப் பன்னிரண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 இடம், தமிழ் என்றால் 70 இடம்தான். பெயருக்கு 20 இடம் என்று ஒருவர் எல்லை வைத்தால், நீளமான தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படும்.

லயம் போல வளர்ந்த மென்பொருள்

மூன்றாவது காரணத்தை விளங்கிக் கொள்ள நமது லயத்தைப் பார்த்தாலே போதும். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய காம்பரா. பிள்ளைகள் பெருகியதும் முன்னால் ஒரு தகரம் இறக்கினோம். பின்னால் குசினி சேர்த்தோம். மின்சாரம் வந்ததும் கம்பி இழுத்தோம். ஒவ்வொன்றும் அன்றைய தேவைக்குச் சரிதான். இன்று ஒரு சுவரை இடித்தால் எந்தக் கூரை விழும் என்று யாருக்கும் தெரியாது.

பழைய மென்பொருளும் அப்படித்தான். நமது அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக் கொள்வோம். பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 1970 ஜனவரி முதலாம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 70501 என்று தொடங்கும். ஆண்டுக்கு இரண்டு எண் மட்டும் வைத்ததால் 1905இல் பிறந்தவரையும் 2005இல் பிறந்தவரையும் பிரித்தறிய முடியாது. எனவே 2016 ஜனவரி முதல் 12 எண் கொண்ட புதிய இலக்கம் வந்தது.

இப்போது தாய்க்குப் பழைய இலக்கம், மகளுக்குப் புதிய இலக்கம். 2016க்கு முன் எழுதிய மென்பொருளில் பத்து இடமுள்ள பெட்டிதான் இருந்திருக்கும். அதைத் திருத்த வேண்டும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். வருபவர் ஒரு தகரம் இறக்குவது போல ஒரு ஒட்டுப் போடுகிறார். அடுத்தவர் அதன் மேல் இன்னோர் ஒட்டு. இப்படித்தான் மென்பொருள் மெதுவாகிறது, சிக்கிக் கொள்கிறது.

திரை சொல்வதெல்லாம் உண்மையா?

நான்காவது விஷயம் மிக முக்கியமானது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலன்ட் என்ற அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28ஆம் திகதி பெரிய விபத்து நடந்தது. ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக் கொண்டது. ஆனால் பலகையில் அதற்குரிய விளக்கு அணைந்திருந்தது. ‘மூடிவிட்டது’ என்று ஊழியர்கள் நம்பினார்கள். உண்மையில் அந்த விளக்கு சொன்னது ‘மூடும்படி கட்டளை போயிற்று’ என்பதை மட்டுமே. மூடியதா இல்லையா என்பதைச் சொல்லவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. அதே நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகள் ஒன்றாக அடித்தன. எது முக்கியம் என்று யாருக்கும் புரியவில்லை.

நமக்கும் இதில் பாடம் உண்டு. விண்ணப்பம் போட்டதும் திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வரும். அது போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் மலையில் இதை மறக்கக் கூடாது.

பிரித்தானியாவில் நடந்தது இன்னும் கொடுமை. அங்குள்ள தபால் நிலையங்களில் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள் பாவனைக்கு வந்தது. சிறிய தபாலகங்களை நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. மென்பொருளில்தான் பிழை இருந்தது. ஆனால் நிர்வாகம் கம்பியூட்டரை நம்பியது, மனிதரை நம்பவில்லை. 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், பலர் வீடு வாசலை இழந்தார்கள். "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லப்பட்டது. ஆலன் பேட்ஸ் என்பவர் தன்னைப் போன்றவர்களைத் தேடிச் சேர்த்தார். 555 பேர் ஒன்றாக வழக்காடினார்கள். அந்த மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019இல் நீதிமன்றம் ஏற்றுக் கொண்டது. 2024இல் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கினார்கள்.

படித்தவர்கள், எழுத்து வேலை தெரிந்தவர்கள், அவர்களுக்கே இந்தக் கதி. தனியாக நின்றவரை ஆட்டுவித்த கம்பியூட்டர், கூட்டமாக நின்றபோது பதில் சொல்ல வேண்டி வந்தது. சங்கம் கட்டி உரிமை பெற்ற நமக்கு இது புதிய பாடம் அல்ல.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டில் எல்லாருடைய பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பதிவு மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து ஒன்றாக இருக்கிறதா? இல்லையென்றால் வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். ஓய்வு பெற்ற பிறகு அலைவது கடினம்.

2. இனி எந்தப் படிவம் நிரப்பினாலும் அடையாள அட்டையில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். பிள்ளை பிறந்தவுடன் பதியும்போதே ஆங்கில எழுத்தைச் சரி பாருங்கள்.

3. விண்ணப்பம் போட்டால் திகதியும் தொடரிலக்கமும் கேட்டு வாங்குங்கள். தாளில் எழுதி வையுங்கள்.

4. "கம்பியூட்டர் ஏற்கவில்லை" என்றால், "திரையில் என்ன எழுதியிருக்கு ஐயா? கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். இலக்கம் குறைகிறதா, பெயர் மாறுகிறதா என்று தெரிந்தால்தான் திருத்தலாம். அந்த அலுவலரும் நம்மைப் போல அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டுபவர்தான். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

5. தமிழில் படிவம் கேட்பது சலுகை அல்ல. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச அலுவலகம் ஒன்றிலிருந்து விவரம் வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம்.

6. ஒரே சிக்கல் நாலைந்து பேருக்கு வந்தால் தனித்தனியே போகாதீர்கள். பெயர்களைச் சேர்த்து எழுதி ஒரே கடிதமாகக் கொடுங்கள். ஒருவருக்கு வந்தால் அவருடைய தவறு என்பார்கள். பலருக்கு வந்தால் மென்பொருளைத் திறந்து பார்ப்பார்கள்.

7. தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை உதவி செய்பவருக்குக் கூடச் சொல்லாதீர்கள். நீங்களே தட்டுங்கள், அல்லது உங்கள் பிள்ளை தட்டட்டும்.

கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை எட்டிப் பார்ப்பது நமது பழக்கம். கூடைக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்பதும் நமது பழக்கம். கம்பியூட்டரும் ஒரு தராசுதான். முள் கண்ணுக்குத் தெரியாத தராசு. அதனால்தான் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கிறது. தோட்டங்களில் இன்று படித்துவிட்டு வரும் பிள்ளைகளில் சிலர் மென்பொருள் எழுதப் போகிறார்கள். அரைப் பேர் என்றால் என்ன என்று தெரிந்த அந்தக் கைகள் எழுதும் நாள் வரட்டும். அதுவரை நாம் கேள்வி கேட்பதை நிறுத்த வேண்டாம்.