18 வயதில் வீரமரணம்... 78 ஆண்டு கழித்து விக்டோரியா கிராஸ்! யார் இந்த டெடி ஷீன்?

கப்பலை விட்டு வெளியேறச் சொல்லி கேப்டன் உத்தரவு போட்டாச்சு. ஆட்கள் கடலில் குதிக்கிறார்கள். மேலே ஜப்பான் விமானங்கள், தண்ணீரில் தத்தளிப்பவர்களையும் விடாமல் சுடுகின்றன. மார்பிலும் முதுகிலும் குண்டு பாய்ந்த ஒரு பையன் மட்டும் கடலில் குதிக்கவில்லை. கப்பலின் பின்பக்கம் இருந்த துப்பாக்கியை நோக்கிப் போனார்.

அவர்தான் எட்வர்ட் ஷீன். எல்லோருக்கும் டெடி. 19வது பிறந்தநாளுக்கு இன்னும் 27 நாள்தான் பாக்கி.

யார் இவர்?

ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா தீவில், 1923 டிசம்பர் 28இல் பிறந்தவர். பெரிய குடும்பம், அப்பா கூலித் தொழிலாளி. டெடியும் பள்ளிப் படிப்புக்குப் பிறகு பண்ணை வேலைக்குத்தான் போனார். அண்ணன்கள் ஐந்து பேர் ஏற்கெனவே படையில் இருந்தார்கள். 1941 ஏப்ரலில் இவரும் கடற்படையில் சேர்ந்துவிட்டார்.

ஒருமுறை மரணம் இவரைத் தொடாமல் போயிருக்கிறது. சிட்னி துறைமுகத்தில் 'குட்டபுல்' என்ற கப்பலில் தங்கியிருந்தார். 1942 மே 31 நள்ளிரவை ஒட்டி, ஜப்பானின் குட்டி நீர்மூழ்கிகள் துறைமுகத்துக்குள் புகுந்து அதை மூழ்கடித்தன. 21 மாலுமிகள் பலி. டெடி அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தார்!

அன்று என்ன நடந்தது?

அடுத்து இவருக்குக் கிடைத்தது 'ஆர்மிடேல்' என்ற சிறிய போர்க்கப்பல். விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்குக் குண்டு நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. சுடுகிறவர் வேறு ஆள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் பிடியில் இருந்த திமோர் தீவில் ஆஸ்திரேலிய கமாண்டோக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் போர்ச்சுகீசிய அகதிகளையும் மீட்டு வர, டார்வின் துறைமுகத்தில் இருந்து கப்பல்கள் கிளம்பின. அகதிகளை ஏற்றிக்கொண்ட துணைக் கப்பல் திரும்பிவிட்டது. ஆர்மிடேல் மட்டும், டச்சுப் படையினரைச் சுமந்தபடி, பட்டப்பகலில் தனியாக முன்னே போக வேண்டிய நிலை.

1942 டிசம்பர் 1 பிற்பகலில் பதிமூன்று விமானங்கள் சூழ்ந்துகொண்டன. இரண்டு டார்பிடோக்கள் தாக்கியதும் கப்பல் சாய்ந்தது. உயிர்காக்கும் மிதவை ஒன்றை அவிழ்க்க உதவிக்கொண்டிருந்தபோதுதான் டெடி மீது குண்டு பாய்ந்தது. துப்பாக்கியோடு தன்னை வார் போட்டுக் கட்டிக்கொண்டு சுடத் தொடங்கினார். ஒரு விமானம் விழுந்தது. மற்றவை நெருங்கத் தயங்கின. தண்ணீர் அவரை மூடும் வரை துப்பாக்கி ஓயவில்லை என்பதுதான் தப்பியவர்கள் சொன்ன சாட்சியம்.

கப்பலில் இருந்த 149 பேரில் உயிர் பிழைத்தவர்கள் 49 பேர் மட்டுமே. கப்பல் மூழ்கியபோது தப்பியும் கரை சேராதவர்கள் உண்டு. ஒரு மிதவையில் இருந்தவர்களை ஒரு வாரம் கழித்து மீட்பு விமானம் பார்த்தது, போட்டோகூட எடுத்தது. கடல் கொந்தளிப்பில் இறங்க முடியவில்லை. அந்த மிதவையை அதற்குப் பிறகு யாருமே பார்க்கவில்லை.

சரி, விருது ஏன் இவ்வளவு லேட்?

விக்டோரியா கிராஸ் என்பது நம்ம ஊர் பரம்வீர் சக்ரா மாதிரி, மிக உயர்ந்த வீர விருது. ஆனால் டெடிக்கு அப்போது கிடைத்தது, போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படும் சிறு கவுரவம் மட்டும்தான்.

காரணம் அன்றைய விதிமுறையிலேயே இருக்கிறது. இறந்த வீரருக்குக் கொடுக்க இருந்தவை இரண்டுதான். ஒன்று விக்டோரியா கிராஸ், இல்லையென்றால் இந்த அறிக்கைக் குறிப்பு. நடுவில் எதுவுமே கிடையாது. உயிரோடு திரும்பியிருந்தால் இடைநிலைப் பதக்கம் ஏதாவது கிடைத்திருக்கலாம். இறந்ததாலேயே கடைசிப் படிக்குப் போய்விட்டார் என்று சொன்னால் தப்பில்லை.

குடும்பத்தாரும் டாஸ்மேனியா மக்களும் விடவில்லை. ஆனால் 2013இல், 13 வீரர்களின் பழைய வழக்குகளை ஆராய்ந்த விசாரணை, யாருக்குமே விக்டோரியா கிராஸ் வேண்டாம் என்றது. 2019இல் இன்னொரு தீர்ப்பாயம் டெடிக்குக் கொடுக்கலாம் என்றது. அரசோ 2020 மே மாதம் அதை நிராகரித்தது. வலுவான புதிய ஆதாரம் இல்லை என்பது அரசுத் தரப்பு வாதம். ஒருவருக்குத் திருத்தினால் பழைய வழக்குகள் எல்லாம் வரிசைகட்டும் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தை மொத்தமாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அதற்கு டெடி என்ன செய்வார்?

எதிர்ப்பு கிளம்பவே, பிரதமர் ஸ்காட் மாரிசன் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் பிரெண்டன் நெல்சன் தலைமையில் நிபுணர் குழு போட்டார். புதிய ஆதாரம் இருக்கிறது என்றது அந்தக் குழு. ஆகஸ்ட்டில் ராணி எலிசபெத் ஒப்புதல் தந்தார். ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த ஒருவர் விக்டோரியா கிராஸ் பெறுவது அதுவே முதல்முறை.

இதில் ஒரு வேடிக்கை. விருது தரத்தான் இத்தனை இழுபறி. கடற்படை தன் நீர்மூழ்கி ஒன்றுக்கு 'ஷீன்' என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டது. 2001 முதல் அது சேவையில் இருக்கிறது.

2020 டிசம்பர் 1, ஆர்மிடேல் மூழ்கி சரியாக 78 ஆண்டுகள். கான்பெராவில் கவர்னர் ஜெனரல் டேவிட் ஹர்லி பதக்கத்தை டெடியின் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தார்.