ஆய்வுக்குக் கையெழுத்துக் கேட்டால் பயப்பட வேண்டுமா?

கடந்த மாதம் என்னிடம் படித்த பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். இப்போது அவளுக்கு ஆறு மாதம். பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் கிளினிக்குக்கு அடிக்கடி போய் வருகிறாள்.

“டீச்சர், கிளினிக்கில ஏதோ ஆய்வு செய்றாங்களாம். சேர விருப்பமா எண்டு கேட்டு ஒரு படிவம் தந்திருக்காங்க. மாமி வேணாம் எண்டு சொல்றா. உன்னையும் புள்ளையையும் வெச்சுப் பரிசோதிச்சுப் பார்க்கப் போறாங்க எண்டு பயப்படுறா. நான் என்ன செய்ய?”

நான் வைத்தியர் அல்ல. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. சேர் என்றோ சேராதே என்றோ சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் மருத்துவ ஆய்வு என்றால் என்ன, அது ஏன் தேவை என்பதை விளக்க முடியும். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இந்தப் பயம் அவளுடைய மாமிக்கு மட்டும் உரியதல்ல.

இரண்டு சாடிகள், ஒரு வித்தியாசம்

சின்ன வகுப்புகளில் நாம் ஒரு பரிசோதனை செய்து காட்டுவோம். இரண்டு சாடிகளில் ஒரே மண், ஒரே அளவு தண்ணீர், ஒரே வகைப் பயறு. ஒன்றை வெயிலில் வைப்போம், மற்றதை அலுமாரிக்குள் வைப்போம். வேறு எதையும் மாற்றக் கூடாது. இரண்டு விடயங்களை ஒன்றாக மாற்றினால் எதனால் செடி வாடியது என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது விளங்கும். பெரியவர்களான நாம்தான் மறந்து விடுகிறோம்.

என் சாச்சா ஒருவருக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவை நம்பி, கிளினிக் மாத்திரைகளை நிறுத்திவிட்டு ஏதோ ஒரு தூளைக் குடித்தார். “பக்கத்து வீட்டு ஹாஜியாருக்கு இதில்தான் சீனி இறங்கியது” என்பதே அவருடைய ஆதாரம். அந்த ஹாஜியார் அதே காலத்தில் இனிப்புத் தேநீரை விட்டதையும், தினமும் சுபஹுக்குப் பிறகு நடக்கத் தொடங்கியதையும் எவரும் கணக்கில் எடுக்கவில்லை. சாச்சாவின் காலில் வந்த புண் ஆறாமல், கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு சாடியை மட்டும் பார்த்து முடிவெடுத்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மேற்குலகம் நேற்றுக் கண்டுபிடித்த ஒன்றல்ல. ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே மருத்துவ மேதை அர்ராஸி, மூளைக் காய்ச்சல் போன்ற ஒரு நோயில் ஒரு பகுதியினருக்குக் குருதி வடித்து, இன்னொரு பகுதியினருக்கு வேண்டுமென்றே வடிக்காமல் விட்டு, முடிவை ஒப்பிட்டதாக எழுதி வைத்திருக்கிறார். அவர் கேட்ட கேள்வி சரியானது. ஆனால் குருதி வடிப்பதை இன்று அந்த நோய்க்கு எவரும் செய்வதில்லை. யாருக்கு வடிப்பது, யாரை விடுவது என்பதை வைத்தியரே தெரிவு செய்தால், ஓரளவு தெம்பாக இருப்பவர்கள் அறியாமலே ஒரு பக்கம் சேர்ந்துவிடக் கூடும். பிறகு ஒப்பீடு பிழைத்துவிடும்.

இதற்குத்தான் 20 ஆம் நூற்றாண்டில் குலுக்கல் முறை வந்தது. யார் எந்தக் குழு என்பதை வைத்தியரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. முடியுமான இடங்களில், எந்த மருந்து கிடைக்கிறது என்பது இருவருக்குமே தெரியாது.

இந்த ஆய்வுகள் நமக்குத் தந்தவை

கர்ப்ப காலத்தில் பிரஷர் கூடி, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கினால் தாய்க்கு வலிப்பு வரலாம். அது தாயின் உயிரையும் பிள்ளையின் உயிரையும் எடுக்கக் கூடியது. மக்னீசியம் சல்பேட் என்ற மலிவான மருந்து அதைத் தடுக்குமா என்பதில் வைத்தியர்களுக்கிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. 33 நாடுகளில் 10,141 தாய்மார் சேர்ந்த ‘மக்பை’ ஆய்வின் முடிவு 2002 இல் வெளியானது. மருந்து பெற்ற குழுவில் 40 பேருக்கும், பெறாத குழுவில் 96 பேருக்கும் வலிப்பு வந்திருந்தது. ஆபத்து பாதிக்கும் மேல் குறைந்தது. இன்று உலகெங்கும் பிரசவ விடுதிகளில் அந்த ஊசி தயாராக இருப்பதற்குப் பின்னால் அந்தத் தாய்மாரின் கையெழுத்து இருக்கிறது.

சத்திரசிகிச்சை விடயத்திலும் இப்படித்தான். முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு, சிறு துளையிட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஒப்பரேஷன் அமெரிக்காவில் மிகப் பரவலாகச் செய்யப்பட்டு வந்தது. செய்து கொண்டவர்களில் பலர் வலி குறைந்தது என்றார்கள். ஹூஸ்டன் நகரில் 180 பேரைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் வெட்டித் தைத்தார்கள். அப்படி நடக்கலாம் என்று தெரிந்து, சம்மதித்தே அவர்கள் சேர்ந்தார்கள். இரண்டு வருடங்கள் கவனித்ததில், உண்மையான ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு மற்றவர்களை விட வலி குறையவில்லை. ஆய்வு என்பது புதிய மருந்தைத் திணிப்பதற்கு மட்டுமல்ல, தேவையில்லாத வெட்டிலிருந்து நம்மைக் காப்பதற்கும்தான் என்பதற்கு இது சான்று.

சீனி வருத்தத்துக்கு வருவோம். நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வரும் நிலையில் இருக்கிறார்கள் என்ற 3,234 பேரை அமெரிக்காவில் மூன்று குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். உடல் எடையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடங்கள் நடப்பது என்ற இலக்கோடு வாழ்க்கை முறையை மாற்றியவர்களில் நோய் வருவது 58 வீதம் குறைந்தது. மெட்ஃபோமின் மாத்திரை எடுத்தவர்களில் 31 வீதம் குறைந்தது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மாத்திரையை வென்றன என்பதை 2002 இல் உலகுக்குச் சொன்னதும் ஓர் ஆய்வுதான். ஆனால் இது நோய் வருமுன் தடுப்பது பற்றிய முடிவு. ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்தலாம் என்று இதற்கு அர்த்தமல்ல.

நம் நாட்டிலும் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. உயர் குருதி அமுக்கமுள்ள 700 இலங்கையரிடம், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதங்களில் அந்த மாத்திரை எடுத்தவர்களில் 70 வீதமானோர் இலக்கு அளவை அடைந்தார்கள். வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 55 வீதமானோரே அடைந்தார்கள். 2018 இல் வெளியான அந்த முடிவை உலக மருத்துவர்கள் படித்தார்கள். படிக்க வைத்தவர்கள் நம்மைப் போல கிளினிக் வரிசையில் நின்ற சாதாரண மக்கள்.

ஆட்கள் சேராவிட்டால்?

சிறுநீரகத்தில் சிறிய கட்டி இருந்தால் முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பதா, கட்டியுள்ள பகுதியை மட்டும் எடுப்பதா? ஐரோப்பாவில் தொடங்கிய ஓர் ஆய்வுக்கு 1,300 பேர் தேவைப்பட்டார்கள். பத்து வருடங்களுக்கு மேல் முயன்றும் 541 பேரே சேர்ந்ததால் ஆட்சேர்ப்பை இடையில் நிறுத்த வேண்டி வந்தது. பகுதியை மட்டும் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகச் செயற்பாடு நன்றாக இருந்தது. ஆனால் அதனால் ஆயுள் கூடியதாக அந்த ஆய்வு காட்டவில்லை. இன்று முடியுமான போதெல்லாம் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே வைத்தியர்கள் விரும்புகிறார்கள். என்றாலும் அந்தக் கேள்விக்கு உறுதியான பதில் தந்திருக்கக் கூடிய ஆய்வு பாதியில் நின்றுவிட்டது. எல்லோரும் மறுத்தால், நம் பிள்ளைகளின் வைத்தியர்களும் அனுமானத்தில்தான் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும்.

பயத்துக்கும் காரணம் உண்டு

மாமியின் பயத்தை அறியாமை என்று நான் தள்ளிவிடவில்லை. அமெரிக்காவின் டஸ்கீகி பகுதியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமலும், பெனிசிலின் வந்த பின்னரும் அதைக் கொடுக்காமலும், நோய் எப்படி முற்றுகிறது என்று அரச சுகாதாரத் துறையே பார்த்துக் கொண்டிருந்தது. இப்படிப்பட்ட அநியாயங்களால்தான் சம்மதப் படிவம் என்ற ஒன்றே கட்டாயமானது. அந்தப் படிவம் ஆய்வாளரைக் காப்பதற்கு அல்ல, நம்மைக் காப்பதற்கு. இன்று ஆய்வு தொடங்குமுன் நெறிமுறைக் குழுவொன்று அதைப் பரிசீலித்து அனுமதிக்க வேண்டும். மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்ய 2006 முதல் இலங்கையிலேயே ஒரு பதிவேடு இருக்கிறது.

ஆகவே யாராவது படிவம் தந்தால் உடனே கையெழுத்தும் வேண்டாம், உடனே மறுப்பும் வேண்டாம். இவற்றைக் கேளுங்கள்:

எனக்குப் புதிதாக என்ன செய்யப் போகிறீர்கள்? சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? எனக்கும் பிள்ளைக்கும் என்ன ஆபத்து வரலாம்? ஏதும் நடந்தால் யார் பொறுப்பு, யாருக்கு அழைப்பது? எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்தது? இடையில் விலகினால் என் வழமையான சிகிச்சை பாதிக்கப்படுமா?

கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்பதே பதிலாக இருக்க வேண்டும். படிவம் உங்களுக்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க அவகாசமும் தர வேண்டும். இவற்றில் ஒன்றுக்காவது முகம் சுளித்தால், தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

“மகள், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போ. மாமியையும் கூட்டிக் கொண்டு போ” என்றேன். அடுத்த கிளினிக் நாளில் இருவரும் போயிருக்கிறார்கள். அந்த ஆய்வில் புதிய மருந்து எதுவும் இல்லையாம். வீட்டில் தினமும் பிரஷரை அளந்து எழுதினால், கிளினிக்கில் மட்டும் அளப்பதை விட முன்கூட்டியே ஆபத்தைக் கண்டுபிடிக்கலாமா என்றுதான் பார்க்கிறார்களாம். பக்கத்தில் இருந்து கேட்டதே மாமிதானாம். இப்போது காலையில் அந்த அளவைக் கொப்பியில் எழுதி வைப்பதும் அவர்தான்.